சுருட்டின் உள்ளீடும் அதனைச் சுற்றும் பொறிகளும்

ஆங்கில மொழி தமிழிலிருந்து கடன்கொண்ட சொற்கள் சில உள. கட்டுமரம், மிளகுதண்ணி என்பனவற்றை மாணவர் பலரும் அறிவர். ‘செரூட்’ என ஆங்கிலேயர் வழங்கும் சொல்லும் நம் ‘சுருட்டு’ என்பதன் திரிபே. சுருட்டுதல் என்னும் தொழிலின் பெயரே அத்தொழிலாற் பிறந்த பொருளுக்கும் பெயராயிற்று. பொருளின் பெயரிலேயே அதனை ஆக்கும் முறை அடங்கியிருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. எனவே, அத்தொழிலை மனிதன் கையன்றிப் பொறியொன்று செய்யவியலுமா, செய்யின் எவ்வாறு செய்யும், அதனால் விளைந்தவை யாவை என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்தாகும்.

புகைத்தல் உடலுக்குக் கேடு பயப்பது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைமை மருத்துவ அதிகாரி 1964இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் இதனை ஐயுறுவார் அரியர். ஆகவே இக்கட்டுரை சுருட்டின் சுவையைப் புகழ எழுந்ததன்று. கைத்தொழில் ஒன்று இயந்திரத் தொழிலாக மாறிய வரலாற்றைக் கற்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது என்பதனாலேயே இப்பொருள் தெரிந்துகொள்ளப்பட்டது.

சுருட்டின் உறுப்புக்கள்

கியூபா நாட்டு முறையில் அமைந்த சுருட்டு மூன்று உறுப்புக்களை உடையது. நடுவே இருப்பது உள்ளீடு. அதனைச் சுற்றி இறுகப் பிடிப்பது பிணைப்பிலை. யாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்கு அழகாகவும் கைக்கு மென்மையாகவும் சுற்றப்படுவது போர்வையிலை. உள்ளீடும் பிணைப்பிலையும் சேர்ந்த நிலையை உள்ளுரு என இக்கட்டுரையில் வழங்குவோம்.

இம்மூன்றனுள் போர்வையிலையே விலை மிக்கது. ஆயினும் சுருட்டு நன்கு எரிவதும் எரியாததும் உள்ளீட்டையே பொறுத்தன. உள்ளீடு மிக நெருங்கினாற் புகை வாராது. நெகிழ்ந்தால் விரைந்து எரிந்து வாயைச் சுடும். ஓரிடம் நெருங்கி ஓரிடம் நெகிழ்ந்தால் ஒருபுறம் மட்டும் எரிந்து கோணும். அழகிய போர்வை இக்குற்றங்களை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

உள்ளீடு இரு வகைப்படும். இலைகளை அவற்றின் முழு நீளத்துக்கு வைத்துச் செய்வது நெடிய உள்ளீடு. வெட்டிய துண்டுகளையும் நறுக்குக்களையும் வைத்துச் செய்வது குறிய உள்ளீடு. இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பொறியின் வரலாறு முழுவதும் இதனைப் பற்றியே செல்கின்றது.

கை அறிந்த நுட்பம்

நெடிய உள்ளீட்டைக் கையால் அமைக்கும் முறைகள் சில உள. இலைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் புத்தகத்தை மூடுவதுபோல மடித்தல் ஒன்று. விசிறி மடிப்பாக மடித்தல் மற்றொன்று. ஒவ்வோரிலையையும் தனித்தனியே மெல்லிய குழலாகச் சுருட்டிப் பின் எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்தல் மூன்றாவது. இம் மூன்றாம் முறையில் இலைக்குழல்கள் தோறும் காற்றுச் செல்வதற்கு வழி உண்டாகும். இதுவே கடினமானது, காலமும் மிகுதியாகக் கொள்வது.

அன்றியும், எல்லா இலைகளும் ஒரு தன்மையன அல்ல. செடியின் உச்சியில் வெயிலை மிகுதியாக ஏற்று விளைந்த இலை தடித்தது; காரம் மிக்கது; மெல்ல எரிவது. கீழ்ப்பகுதி இலை மெல்லியது, காரம் குறைந்தது, எளிதில் எரிவது. தேர்ந்த தொழிலாளி தடித்த இலையை நடுவிலும் மெல்லிய இலைகளை அதனைச் சூழவும் வைப்பான். இலையின் நுனிகள் நெருப்பு வைக்கும் பக்கத்தை நோக்கி இருக்குமாறு அமைப்பான். இலையின் ஈரத்தை விரலால் உணர்வான்; உலர்ந்ததாயின் நொறுங்கும், ஈரம் மிக்கதாயின் இறுகிப் புகைவழியை அடைக்கும். இவை யாவும் அவனுடைய கண்ணும் கையும் கணப்பொழுதிற் செய்யும் தீர்ப்புக்கள். எழுதிவைத்த அளவு எதுவும் அவனிடம் இல்லை.

இந்நுட்பத்தின் காரணமாகவே சுருட்டுத் தொழில் பொறிக்கு நெடுங்காலம் இணங்காது நின்றது. இதனைச் சிகரெட்டோடு ஒப்பிட்டால் விளங்கும். அமெரிக்கரான ஜேம்ஸ் பொன்சாக் என்பவர் சிகரெட் செய்யும் பொறிக்கு 1881இற் காப்புரிமை பெற்றார். கையாற் செய்வோர் நிமிடத்துக்கு நான்கைந்து சிகரெட்டுக்கள் செய்ய, அப்பொறி ஏறக்குறைய 200 செய்தது. அதன் வெற்றிக்குக் காரணம் யாது? சிகரெட்டின் உள்ளீடு நுண்ணிய இழைகளாக வெட்டப்பட்டது. வெட்டிய இழைகள் எங்கும் ஒரு தன்மையன. ஆதலின் நெல்லும் மணலும் போல ஓடையாக ஓடவல்லன. ஓடும் பொருளைப் பொறி எளிதில் அளக்கும். காகிதமும் ஒரே அகலமும் ஒரே தடிப்பும் உடையது. சுருட்டின் இலையோ ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. நெடிய உள்ளீட்டைச் சுற்றும் பொறி வணிகத்துக்கு ஏற்றவாறு அமைவதற்கு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

அச்சும் உருட்டு மேசையும்

முழுப் பொறி வருமுன் துணைக்கருவிகள் சில வந்தன. முதலாவது மரத்தாலான அச்சு. இரு பலகைகளிற் சுருட்டின் வடிவில் அரைக்குழிகள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கும். உள்ளுருக்களைக் கீழ்ப்பலகைக் குழிகளில் வைத்து மேற்பலகையால் மூடி அழுத்தத்துக்குள் வைப்பர். சிறிது நேரங் கழித்து உள்ளுருவைத் திருப்பிவைத்து மீண்டும் அழுத்துவர். இதனால் வடிவம் ஒரு சீராகும். ஜேர்மனியிலிருந்து இவ்வச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்கு வந்தது. கையின் வேலையில் வடிவமைத்தல் என்னும் பகுதியை மட்டுமே அச்சு எடுத்துக்கொண்டது. ஆயினும் அதுவே பழகிய தொழிலாளரைக் கலங்கச் செய்தது. ஏனெனில் பல ஆண்டு பயிலாதவரும் அச்சின் துணையாற் சுருட்டுச் செய்யலாயினர்.

இரண்டாவது உருட்டு மேசை. இதன் தத்துவம் மிக எளிது. கோயில் விளக்குக்குத் திரி திரிப்போர் யாவரும் அறிந்ததே. பஞ்சை ஓர் உள்ளங்கையில் வைத்து மற்றைக் கையை அதன்மேல் உராய்ந்து செலுத்தினால், இரு கைகளுக்கு இடையே பஞ்சு சுழன்று திரியாகின்றது. ஒரு மேற்பரப்பு நிற்க மற்றொன்று நகர்ந்தால் இடையிலுள்ள பொருள் சுழலும் என்பதே இங்குள்ள விதி.

உருட்டு மேசையில் நிற்கும் பரப்பும் நகரும் பரப்பும் ஒரே துணியாலாயவை. உறுதியான துணி அல்லது இரப்பர் பூசிய பட்டை ஒன்று மேசைமீது விரிக்கப்பட்டு, ஓரிடத்திற் சிறிது தொய்வாக விடப்பட்டிருக்கும். அத்தொய்வு ஒரு சிறு மடிபோலக் குழிந்து நிற்கும். உள்ளீட்டை அம்மடியில் வைத்து, அதற்கு முன்னே பட்டையின்மேற் பிணைப்பிலையைச் சாய்வாக விரிப்பர். கைபிடியோடு கூடிய உருளைக்கோல் ஒன்றை முன்னோக்கி இழுத்தால், மடி மேசையின்மீது அலைபோல நகர்ந்து செல்லும். மடிக்குள் அகப்பட்ட உள்ளீடு உருண்டு செல்கையிற் பிணைப்பிலையைத் தன்மேற் சுற்றிக்கொள்ளும். மேசையின் முடிவிற் சுற்றி முடிந்த உள்ளுரு வெளியே விழும்.

இவ்வமைப்பில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கன. பட்டையின் தொய்வைக் கூட்டினாற் சுருட்டுப் பருக்கும், குறைத்தாற் சிறுக்கும். பட்டையின் இழுவிசை இறுக்கத்தை வரையறுக்கும். மேசைப்பரப்பின் வளைவு சுருட்டின் நடுப்பகுதி பருத்தும் முனைகள் சிறுத்தும் அமைதற்கு உதவும். ஆயினும் மடியில் வைக்கப்படும் இலையின் அளவைத் தீர்மானிப்பது கையே. மிகுதியாக வைத்தாற் கட்டியாகும். குறைத்து வைத்தால் வெறுமையாகும். சுற்றும் வேலையை மேசை செய்ய, அளக்கும் வேலை மனிதனிடமே எஞ்சியது.

லிபர்மன் பொறி என வழங்கும் மேசை இவ்வகையினது. டொமினிக்கன் குடியரசு, நிக்கரகுவா ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளில் இன்றும் இதனைக் காணலாம். ஒருவர் இதனால் உள்ளுருவைச் செய்ய, மற்றொருவர் போர்வையிலையைக் கையாற் சுற்றுவார். இங்ஙனம் ஆகிய சுருட்டைக் ‘கையாற் செய்தது’ என்று கூறலாமா என்பது அத்தொழில் வட்டாரத்தில் வாதத்துக்குரிய வினாவாக உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்துறையிற் பல காப்புரிமைகள் பெற்றவருள் ஒருவர் முதலாம் ஒஸ்கார் ஹமர்ஸ்டைன். ஜேர்மனியிலிருந்து இளமையில் நியூயோர்க் வந்து சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த இவர், சுருட்டுப் பொறிகளால் ஈட்டிய பொருளை நாடக அரங்குகளும் இசைநாடக மண்டபங்களும் கட்டுவதிற் செலவிட்டார். 1906இல் நியூயோர்க்கில் திறக்கப்பட்ட மன்ஹற்றன் இசைநாடக அரங்கு அவற்றுள் ஒன்று.

நால்வர் இயக்கிய பொறி

நெடிய உள்ளீட்டைக் கொண்டு சுருட்டை முற்றாகச் செய்யும் பொறி முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்திலேயே தொழிற்சாலைகளுக்கு வந்தது. ரூபஸ் பற்றர்சன் என்பவர் நிறுவிய அமெரிக்கன் மெஷின் அன்ட் பவுண்டரி நிறுவனத்தார் இதனை ஆக்கினர். இப்பொறியை நான்கு பெண்கள் இயக்கினர்.

முதலாமவர் உள்ளீட்டிலைகளைப் பொறியின் ஊட்டுப் பட்டையின்மேல் நீளவாக்கிற் பரப்புவார். பொறி அவற்றை நெருக்கி, வேண்டிய அளவில் வெட்டி, உருட்டும் பட்டைக்குச் செலுத்தும். இரண்டாமவர் நரம்பு நீக்கிய பிணைப்பிலையைத் துளைகள் நிறைந்த உலோகத் தட்டின்மேல் விரிப்பார். தட்டின் அடியிற் காற்று உறிஞ்சப்படுவதால் இலை சுருங்காமல் தட்டோடு படிந்து நிற்கும். கத்தி அதனை வேண்டிய வடிவில் வெட்டும். உருட்டும் பட்டையில் உள்ளீடும் பிணைப்பிலையும் சேர்ந்து உள்ளுருவாகும். மூன்றாமவர் அதே முறையிற் போர்வையிலையை மற்றொரு தட்டில் விரிப்பார். பசை தடவப்பெற்ற போர்வை, சுழலும் உள்ளுருவின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றப்படும். நான்காமவர் வெளிவரும் சுருட்டுக்களை ஆராய்ந்து குற்றமுடையவற்றை நீக்கி அடுக்குவார்.

எட்டு மணி நேரத்தில் இப்பொறி ஏறக்குறைய 4000 சுருட்டுக்கள் செய்தது. அஃதாவது ஆளொன்றுக்கு 1000. முழுவதும் கையாற் செய்யும் தேர்ந்த தொழிலாளி நாளொன்றுக்குச் செய்தவை சுருட்டின் பருமனுக்கேற்ப 200 அல்லது 300 எனக் கொள்ளலாம்.

இங்கே ஓர் உண்மை புலப்படும். இந்நால்வருள் மூவர் செய்தது யாது? இலையைப் பரப்புதல். சுற்றுவதையும் வெட்டுவதையும் ஒட்டுவதையும் பொறி கற்றுக்கொண்டது. ஆனால் சுருங்கிய இலையை நீவி விரித்து, கிழிந்த பகுதியை விலக்கி, நல்ல பகுதியைத் தெரிந்து வைப்பதை அது கற்கவில்லை. அதனாற் சுற்றுந் தொழிலாளி போயினாலும் மனிதக் கை போகவில்லை. பல ஆண்டு பயின்ற கைக்குப் பதிலாகச் சில வாரம் பயின்ற கை வந்தது. கூலியும் அதற்கேற்பக் குறைந்தது. இப்பொறியால் உண்டான மாற்றத்தின் உயிர்நிலை இதுவே.

இறுதித் தடையையும் அறிவியல் ஒருவாறு கடந்தது. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் புகையிலையைப் பொடியாக்கிப் பிசினோடு சேர்த்துத் தாள்போல நீட்டிச் சுருளாக்கின. இலை காகிதத்தைப் போல் ஒரே தன்மையதாகவே, அதனை விரித்து வைக்கும் கை வேண்டாததாயிற்று. பொறியை இலைக்கேற்ப அமைக்க முயன்று இளைத்தோர், முடிவில் இலையைப் பொறிக்கேற்ப மாற்றினர். இதனாற் பிணைப்பிலைக்கெனவே புகையிலை பயிரிட்டுவந்த கனெற்றிக்கற் பள்ளத்தாக்கின் உழவர் பெரிதும் தாக்குண்டனர்.

தொழிலாளர் நிலை

1920ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய 800 கோடிச் சுருட்டுக்கள் செய்யப்பட்டன. அதன்பின் அத்தொகை இறங்கியது. அந்நாட்டின் சிறு பட்டறைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. இதற்குப் பொறி ஒன்றையே காரணமெனல் பொருந்தாது. மக்கள் சிகரெட்டை நாடியதும், 1929க்குப் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியும் உடன் நின்ற காரணங்கள். எனினும் பொறி வாங்க வல்ல பெரிய நிறுவனம் விலையைக் குறைக்க, வாங்க வலியற்ற சிறு பட்டறை அதனோடு போட்டியிட முடியாது நலிந்தது என்பது தெளிவு.

கியூபாவில் வரலாறு வேறு வகையாகச் சென்றது. அங்கே 1920களின் நடுப்பகுதியில் பொர் லராஞ்ஞாகா என்னும் நிறுவனம் பொறிகளைப் புகுத்தியபோது தொழிலாளர் வன்மையாக எதிர்த்தனர்; அந்நிறுவனத்தின் சுருட்டுக்களை வாங்காதிருக்குமாறு மக்களை வேண்டினர். எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்தது. 1950இலேயே அரசு பொறிகளுக்கு வரையறையோடு இடந்தந்தது. இன்றும் கியூபாவின் உயர்ந்த சுருட்டுக்கள் நெடிய உள்ளீட்டைக் கொண்டு கையாலேயே செய்யப்படுகின்றன. ஆயினும் பொறி வேறு வாயிலாக அங்கும் புகுந்துள்ளது. கையாற் செய்த உள்ளுருவினூடே காற்றை இழுத்து, தடை எவ்வளவு என அளக்கும் கருவி தொழிற்சாலைகளில் வைக்கப்பட்டுள்ளது. செய்வது கை, தீர்ப்பளிப்பது பொறி.

சுருட்டுத் தொழிலாளரிடம் வழங்கிய ஒரு பழக்கத்தை இங்குக் கூறாது விடல் தகாது. சுருட்டுச் சுற்றுதல் ஓசையற்ற தொழில். கைகளும் கண்களும் வேலையில் ஈடுபட, செவி ஓய்ந்திருக்கும். ஹவானாத் தொழிற்சாலைகளில் 1865 முதலாக ஒருவர் மேடையில் அமர்ந்து பத்திரிகைகளையும் கதைகளையும் உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுற்றினர். வாசிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். கியூபர் குடியேறிய புளோரிடாவின் தம்பா நகரிலும் இவ்வழக்கம் வேரூன்றியது. கியூபா விடுதலை வீரர் ஹொசே மார்ட்டி 1891இல் அங்குச் சென்று உரையாற்றியபோது, அவருக்குத் துணைநின்றோர் இவ்வாறு செவிவழிக் கல்வி பெற்ற தொழிலாளரே. நியூயோர்க்கில் இளமையிற் சுருட்டுச் சுற்றிப் பின்னர் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரான சாமுவேல் கொம்பர்ஸ், தம் பட்டறையில் வாசிப்பவருக்கு ஏனையோர் தாம் செய்த சுருட்டுக்களிற் பங்கு கொடுத்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

தம்பாவில் 1931ஆம் ஆண்டு முதலாளிகள் வாசிப்போரை நீக்கினர். தொழிலாளரின் அரசியற் கிளர்ச்சிக்கு வாசிப்பே காரணம் என்பது அவர்தம் கருத்து. அந்த இடத்துக்கு வானொலி வந்தது. பொறிகள் புகுந்த கூடங்களிலோ தடை விதிக்கவும் வேண்டியிருக்கவில்லை. இரைச்சலிடையே வாசிப்பார் யார், கேட்பார் யார்?

எம் நாட்டு நிலை

யாழ்ப்பாணத்துச் சுருட்டுத் தொழிலை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். கிணற்று நீர் இறைத்து விளைவித்த புகையிலையை ஆதாரமாகக் கொண்டு, இணுவில், கொக்குவில் முதலான ஊர்களிற் சுருட்டுக் கொட்டில்கள் எழுந்தன. அவற்றிற் செய்த சுருட்டுக்களைத் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்து விற்ற யாழ்ப்பாண வணிகர் பலர். அவ்வருவாயாற் கல்வி பெற்ற பிள்ளைகளும் பலர். இத்தொழில் கைத்தொழிலாகவே நடந்து கைத்தொழிலாகவே மெலிந்தது. மேலே கூறிய நால்வர் பொறி போன்றது எதுவும் கொட்டிற் பலகையின் இடத்தைப் பெறவில்லை. சிகரெட்டின் பெருக்கமும், போர்க்கால இடப்பெயர்வும், தென்னிலங்கைச் சந்தையின் இழப்பும், புகைத்தலின் கேட்டை மக்கள் உணர்ந்தமையும் அதனைக் குறைத்தன.

எங்கள் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றையோர் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கம் இருந்தது. நாட்டு நடப்பையும் தொடர்கதையையும் எழுத்தறியாதாரும் அங்கு அறிந்தனர். கருத்து வேறுபட்டு வாதிட்டனர். ஹவானாத் தொழிலாளர் இணுவிலை அறியார். இணுவிலார் ஹவானாவைக் கண்டிலர். ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகினர் எனக் கொள்ள வேண்டுவதில்லை. கையும் கண்ணும் வேலையில் நிற்கச் செவி ஓய்ந்திருக்கும் தொழில் எங்கிருப்பினும், அச்செவி உணவு தேடும் என்று கொள்வதே அமையும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இயந்திரம் ஒரு தொழிலை ஒருங்கே விழுங்குவதில்லை என்பது பெறப்படும். அச்சு வடிவத்தை எடுத்தது. உருட்டு மேசை சுற்றுதலை எடுத்தது. நால்வர் பொறி வெட்டுதலையும் ஒட்டுதலையும் எடுத்தது. இலைத்தாள் விரித்தலையும் எடுத்தது. ஒவ்வொரு படியிலும் எஞ்சி நின்ற பகுதிக்கே மனிதன் கூலி பெற்றான். அப்பகுதியில் தீர்ப்புக்கு இடமிருக்கும்வரை அவன் தொழிலாளியாக இருந்தான். அது குன்றியபோது பொறிக்கு ஊட்டுவோனாக ஆனான்.

ஆகவே புதுப்பொறி ஒன்று ஒரு தொழிலுக்கு வருமிடத்து, அது நாளொன்றுக்கு எத்தனை செய்யும் என்று கணக்கிடுவதோடு அமைதல் கூடாது. அத்தொழிலின் எந்தப் பகுதியை அது எடுத்துக்கொள்கின்றது, எதனை மனிதனிடம் விடுகின்றது, வேலையோடு ஒட்டி வளர்ந்த எந்த நற்பழக்கம் அதனோடு மறைகின்றது என்பவற்றையும் வினவுதல் வேண்டும். நம் மாணவர் நாளை எழுதுவினைஞராகவும் கணக்காளராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் செல்லும் துறைகளிலெல்லாம் கணிப்பொறிகள் இன்று புகுந்துவருகின்றன. சுருட்டுக் கொட்டிலின் வரலாறு கற்பிக்கும் இவ்வினாக்கள் அவர்க்கும் உரியன. பொறியை வெறுத்தலும் வியத்தலும் எளிது. அது செய்வதைப் பகுத்து அறிதலே கற்றோர் கடன்.